கம்பவுண்டர் மகன்

அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் முப்பது வருஷத்துக்கு மேல் கம்பவுண்டராக இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையும் அந்த மருந்தறைக்குள் காதால் பொறுக்கியது. டிஞ்சர், மிக்சர், பிராக்சர், டெம்ப்ரச்சர். காய்ச்சலோடு யாராவது வந்தால் கண்ணாடிக் குழாயை நாலு உதறு உதறி நாக்குக்கடியில் வைப்பார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “டெம்ப்ரச்சர் நூத்தி ரெண்டு, டாக்டர்” என்று உள்ளே குரல் கொடுப்பார்.

நான் பிளஸ் ஒன் போன வருஷம் எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. படித்தது தமிழ்வழிதான். ஆனால் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த தடித்த அகராதி ஒன்று கையில் இருந்தது. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைத் திருத்தினேன். “அப்பா, அது கம்பவுண்டர் இல்ல, காம்பவுண்டர். சுவரை மட்டும் காம்பவுண்டுன்னு சரியாச் சொல்றீங்க. ரெண்டும் ஒரே எழுத்துதான்.” டெம்ப்ரச்சரையும் விடவில்லை. டெம்-ப-ரே-ச்சர் என்று பிரித்து வகுப்பெடுத்தேன்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “என்னமோப்பா, டாக்டரு அப்பிடித்தான் சொல்லுவாரு” என்றார். அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்தத் திமிருக்கு வட்டியும் முதலுமாக நான் கட்டியது சென்னையில். 2005. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டர், இரவு ஷிஃப்ட், அமெரிக்காவிலிருந்து வரும் கிரெடிட் கார்டு அழைப்புகள். முதல் வாரமே ஒரு பாட்டியம்மா மாட்டினார், அல்லது நான் அவரிடம் மாட்டினேன். தாமதக் கட்டணம் தவறாக விழுந்திருக்கிறது, அதை எடுத்துவிட முடியுமா என்று தன்மையாகத்தான் கேட்டார். எடுத்துவிட எனக்கு அதிகாரம் இருந்தது. சந்தோஷமாக, “ஐ கேன் ரிமூவ் இட், மேம்” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு வினாடி சத்தமில்லை. பிறகு, “ஒய் நாட்?” என்றார்.

“நோ மேம், ஐ கேன்!” என்று அழுத்திச் சொன்னேன். அவர் குரல் சூடேறியது. நான் இன்னும் அழுத்தினேன். கேன். கேன். கேன். கடைசியில் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். எவ்வளவுக்கெவ்வளவு ‘முடியும்’ என்று கத்தினேனோ, அவ்வளவுக்கவ்வளவு அவர் காதில் ‘முடியாது’ என்று விழுந்திருக்கிறது.

மறுநாள் அந்தப் பதிவைப் பயிற்சி வகுப்பில் எல்லோர் முன்னாலும் போட்டார்கள். பயிற்சி கொடுத்தவர் பெரம்பூரைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியவர், எங்களுக்கெல்லாம் ‘மிஸ்’. சிரித்த பையன்களை முறைத்துவிட்டு அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. “இவன் தப்பாப் பேசல. ரொம்ப நல்லாப் பேசிட்டான். அதான் பிரச்சினை.”

விஷயம் இதுதான். அமெரிக்கர்கள் ‘முடியாது’ என்பதற்குச் சொல்லும் ‘கேன்ட்’டில் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தொண்டையிலேயே அடைபட்டு நின்றுவிடும். கேட்பவருக்கு அது விழுவதே இல்லை. அப்படியானால் முடியும், முடியாது இரண்டையும் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? நடுவில் உள்ள உயிரை வைத்து. வாயைத் திறந்து முழுசாக ‘கேன்’ என்றால் முடியாது. ‘முடியும்’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது அந்தச் சொல் சுருங்கிச் சுருங்கி ‘கன்’ ஆகி, அதுவும் தேய்ந்து ‘க்ன்’ என்று ஓடிவிடும். அழுத்தம் எல்லாம் அடுத்து வரும் வினைக்கு: ஐ-க்ன்-ரிமூவ்-இட். “நீ எல்லா எழுத்துக்கும் எழுந்து நின்னு வணக்கம் வைக்கிறே. அவங்க பாதி எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க” என்றார் மிஸ்.

பிறகு பலகையில் ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வரைந்தார். அதன் பெயர் ஷ்வா. எபிரேய மொழியில் எழுத்துக்குக் கீழே வைக்கும் இரண்டு புள்ளிகளுக்கான பெயர் அது. உயிர் இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி என்பதற்கான குறி. ஜெர்மானிய இலக்கணக்காரர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலப் பேச்சில் அதிகம் புழங்கும் உயிரொலி இதுதான். வேடிக்கை என்னவென்றால், அதற்கென்று ஓர் எழுத்தில்லை. ஐந்து உயிரெழுத்துகளும் முறை வைத்து அதற்கு வேலை பார்க்கின்றன. ‘அபவுட்’டின் முதல் எழுத்து, ‘டேக்கன்’னில் கடைசி உயிர், ‘பென்சில்’ வால், ‘லெமன்’ வால், ‘சர்க்கஸ்’ வால். எழுதும்போது ஐந்து வேஷம், பேசும்போது ஒரே ஆள்.

அந்த ஒலி எப்படி இருக்கும் என்று கேட்டால், பேச்சு வராமல் யோசிக்கும்போது ‘அ...’ என்று இழுப்போமே, வாய் எந்த முயற்சியும் இல்லாமல் சும்மா தொங்க, அந்த மாதிரி. தமிழில் அதை எழுத எழுத்தில்லை. இந்தப் பதிவில் நான் ‘அ’ என்று எழுதும் பல இடங்களில் அதை அரைத் தூக்கத்தில் இருக்கும் அகரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘பனானா’வை நாம் மூன்று எழுத்தும் கேட்கிற மாதிரி சொல்கிறோம். அவர்களுக்கு நடு ‘னா’ மட்டும்தான் பழம். முன்னும் பின்னும் இருப்பது தோல்.

மிஸ் ஒரு ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொள்வார். அழுத்தம் விழும் அசையில் இழுப்பார், மற்ற இடங்களில் தளர விடுவார். ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் முதலில் இழுப்பு. ‘ஃபட்டாக்ரஃபர்’ என்றால் இரண்டாவதில் இழுப்பு; முதலில் கம்பீரமாக நின்ற ‘ஃபோ’ இப்போது ‘ஃப’ என்று சுருண்டுவிட்டது. ‘ஃபோட்டக்ராஃபிக்’ என்றால் இழுப்பு மூன்றாவதுக்குப் போய்விடும். ஒரே குடும்பத்துச் சொற்கள், ஆளுக்கொரு இடத்தில் அழுத்தம், அழுத்தம் போன இடத்தில் உயிரும் போய்விடுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல் இந்த மாற்றத்தைக் காட்டவே காட்டாது. பிள்ளைகள் ‘செப்பரேட்’டுக்கும் ‘கேலண்டர்’ருக்கும் ‘கிராமர்’ருக்கும் எழுத்துப்பிழை விடுவது இந்தச் சுருண்ட இடங்களில்தான். கேட்டால் எல்லாம் ஒரே ஒலி. எந்த எழுத்தென்று எப்படித் தெரியும்? அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் குழந்தைகள் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்டுக்கேட்டு நேரம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் போட்டியில் 1985இல் பாலு நடராஜன் வென்றார். இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல் வெற்றியாளர். அவர் வென்ற சொல் ‘மில்யூ’. நடுவில் ஒரு யகரம் வழுக்கிக்கொண்டு போகும் பிரெஞ்சுச் சொல். யகரத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதல் மாசம் எனக்கு இதெல்லாம் அநியாயமாகப் பட்டது. எழுதியிருப்பதைப் படிக்காமல் விழுங்குவதா நாகரிகம்? ஒரு நாள் விடியற்காலை, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வேனில் வரும்போது டிரைவர் அண்ணன் போனில் யாரிடமோ, “வந்துட்ருக்கேன்னு சொல்லுங்கண்ணே” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறோம். அதில் பாதி எழுத்தை அவர் விழுங்கிவிட்டார். அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது, எனக்கும் அதுவரை தெரியாது.

டீக்கடையில் போய், ‘எனக்கு ஒரு தேநீர் வேண்டும், சர்க்கரை சற்றுக் குறைவாக இருக்கட்டும்’ என்று தமிழ்நாட்டில் எவன் கேட்பான்? எழுத்து ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த ஏற்பாடு. ஆங்கிலத்தை மட்டும் நாம் புத்தகத்திலிருந்து எடுத்தோம். அதனால் அதை மேடைத்தமிழ் மாதிரிப் பேசுகிறோம். கம்-ஃபோர்-ட்டே-பிள் என்று நாலு அசையையும் நிறுத்தி நிதானமாக. அவர்கள் ‘கம்ஃப்டபிள்’ என்று மூன்றில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். வெஜிட்டேபிள் அவர்களிடம் ‘வெஜ்டபிள்’. சாக்லேட் ‘சாக்லட்’. நாம் தப்பு செய்யவில்லை. டீக்கடையில் செந்தமிழ் பேசுகிறோம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி போகலாம். கண்ணாடி முன்னால் நின்று ‘பசு’ என்று சொல்லுங்கள். கடைசியில் உதடு குவியும். இப்போது ‘பாட்டு’. குவியாது. எழுத்தில் இரண்டும் உகரம்தான். ஆனால் ‘பாட்டு’ என்பதில் இருப்பது உகரத்தின் எலும்புக்கூடு. தொல்காப்பியர் இதைக் காதால் அளந்து, ஒரு மாத்திரை இருக்கவேண்டிய இடத்தில் அரை மாத்திரைதான் இருக்கிறது என்று கண்டு, குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, அதற்காக ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறார். நாமும் பத்தாம் வகுப்பில் நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர் என்று ஆறு வகையையும் மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு, மறந்தோம். தமிழய்யா ஒருநாளாவது கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தால் மறந்திருக்க மாட்டோம். மலையாளிகள் எழுத்திலேயே இதைக் காட்டுகிறார்கள்: பாட்டு என்று எழுதும்போது கடைசியில் உகரக் குறி போடாமல், சந்திரக்கலை என்ற சின்னப் பிறையை மேலே வைத்து முடித்துவிடுவார்கள்.

ஷ்வாவும் குற்றியலுகரமும் ஒரே ஒலி என்று சொல்ல வரவில்லை. நம்முடையதில் நாக்கு கொஞ்சம் மேலே நிற்கும். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜாடை ஒன்று. அழுத்தம் இல்லாத இடத்தில் உயிர் உடம்பைக் குறைத்துக்கொள்ளும், உதடு வேலைக்கு வராது. ‘தலை’யை ‘தலெ’ என்றும் ‘வலை’யை ‘வலெ’ என்றும் சொல்கிறோமே, அதுவும் இந்த வகைதான். இலக்கணம் அதை ஐகாரக்குறுக்கம் என்று பதிவு செய்து வைத்திருக்கிறது. ஷ்வா கற்க வேண்டிய புது வித்தை என்று நினைத்து இரண்டு மாசம் வாயைக் கோணியவன், அது ஏற்கெனவே என் வாயில் குடியிருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

வெட்கத்தின் பெரும்பங்கு இனிமேல்தான். ஒரு வகுப்பில் மிஸ், ஒரே சொல் பெயராக வந்தால் முன்னால் அழுத்தம், வினையாக வந்தால் பின்னால் அழுத்தம் என்று ஒரு பட்டியல் எழுதினார். ரெக்கார்ட், பர்மிட், கான்ட்ராக்ட். நாலாவதாக எழுதியது காம்பவுண்ட். பெயராக இருந்தால் ‘காம்பவுண்ட்’. முன்னால் அழுத்தம், திறந்த உயிர். கலப்பது என்ற வினையாக இருந்தால் அழுத்தம் பின்னால் போய், முன்னால் இருப்பது ஷ்வாவாகச் சுருங்கி, ‘கம்பவுண்ட்’. மருந்தைக் கலப்பவன் அந்த வினையிலிருந்து வருகிறவன். ஆகவே அவன் கம்பவுண்டர்.

சுவர் காம்பவுண்டு, அப்பா கம்பவுண்டர். இரண்டையும் அவர் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் தமிழில் கலந்துகிடக்கும் ஆங்கிலச் சொற்களைக் காதால் வந்தவை, கண்ணால் வந்தவை என்று பிரிக்க ஆரம்பித்தேன். இன்னும் இந்தப் பைத்தியம் விடவில்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களைப் பாருங்கள். கலெக்டர், கமிஷனர், கமிட்டி, கண்டக்டர், கனெக்‌ஷன், கண்டிஷன், கன்ஃபார்ம். எல்லாம் ‘க’. இவற்றிலெல்லாம் ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில். முதலில் இருப்பது ஷ்வா. இப்போது காங்கிரஸ், கான்கிரீட், கான்வென்ட், கான்ஃபரன்ஸ். எல்லாம் ‘கா’. இவற்றில் அழுத்தம் முதலில். எழுத்துக்கூட்டல் தெரியாத யாரோ ஒரு டவாலியும் பட்லரும் பஸ் கிளீனரும் தங்கள் காதால் ஆங்கில அழுத்தத்தை எடைபோட்டு, தமிழ் எழுத்தில் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்டக்டரைக் ‘காண்டக்டர்’ என்று எந்தக் கிழவியும் சொன்னதில்லை.

கண்ணால் வந்தவை வேறு கட்சி. காலேஜ், வில்லேஜ், மெசேஜ், மேனேஜர், லக்கேஜ், டேமேஜ். அந்த ‘ஏஜ்’ முழுக்கப் புத்தகத்திலிருந்து எடுத்தது. ஆங்கிலேயன் வாயில் அது ‘இஜ்’ என்று ஒரு சின்ன இகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்: காலிஜ், விலிஜ். போலீஸும் கண்ணால் வந்ததுதான் என்று தோன்றுகிறது. அவர்கள் சொல்வது ‘பலீஸ்’. இந்தப் பிரிவினை கணக்குப் போட்ட மாதிரி எப்போதும் பொருந்தாது. காண்ட்ராக்ட் சரியாக வந்து, காண்ட்ராக்டர் அதே ஆகாரத்தோடு பின்னால் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். காண்ட்ராக்டர்கள் எப்போதும் அப்படித்தான்.

சரி, யகரம். உயிரும் மெய்யுமாக நடுவில் நின்று வழுக்குகிற ஒலிகள் ஆங்கிலத்தில் இரண்டு, ய்யும் வ்வும். ‘ஐ ஆம்’ என்று சேர்த்துச் சொன்னால் நடுவில் எழுதப்படாத யகரம் ஒன்று முளைக்கும்: ஐ-யாம். ‘தி ஆப்பிள்’ தி-யாப்பிள் ஆகும். ‘கோ ஆன்’ என்றால் வகரம்: கோ-வான். இதை மிஸ் ஒரு மணி நேரம் நடத்தினார். எனக்கோ சிரிப்பு. மணி + ஓசை = மணியோசை. பூ + இதழ் = பூவிதழ். உடம்படுமெய். இகரம், ஈகாரம், ஐகாரம் முன்னால் வந்தால் யகரம், ஏகாரத்துக்கு இரண்டும், மற்றதுக்கு வகரம். நன்னூல் படித்தவனுக்கு இதில் புதிது என்ன? ஓர் இடத்தில் ஆங்கிலேயர் நம்மிடமிருந்து விலகுகிறார்கள். சொல் ஷ்வாவில் முடிந்து அடுத்து உயிர் வந்தால், இங்கிலாந்துக்காரர் பலர் நடுவில் ரகரத்தை நுழைத்துவிடுவார்கள். ‘ஐடியா ஆஃப்’ என்பது ஐடிய-ராஃப். ‘சைனா அண்ட் இந்தியா’ என்பது சைன-ரண்ட் இந்தியா. எழுத்தில் அங்கே ரகரத்தின் நிழல்கூட இல்லை. யகரமும் பொருந்தாது, வகரமும் பொருந்தாது என்கிற ஆதரவற்ற இடத்தில் ரகரம் வந்து உட்காருகிறது.

அழுத்தம் இல்லாத இடத்தில் இந்த யகரம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நம் வீட்டுச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், மியூசிக், டியூட்டி, நியூஸ், டியூப் லைட். எல்லாவற்றிலும் யகரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆம்புலன்ஸ், டாகுமென்ட், ஃபார்முலா, கால்குலேட்டர், ஃபேன் ரெகுலேட்டர், மேனுவல், ஆனுவல் டே. இவற்றிலும் ஆங்கிலத்தில் யகரம் உண்டு: ஆம்ப்யலன்ஸ், டாக்யமண்ட், ரெக்யலேட்டர். நாம் விட்டுவிட்டோம். ஏன் அங்கே வைத்து இங்கே விட்டோம்? முதல் வரிசையில் யகரம் அழுத்தமான அசையில் இருக்கிறது, காதில் அறைகிற மாதிரி விழும். இரண்டாவதில் அழுத்தமில்லாத மூலையில் ஒரு ஷ்வாவோடு ஒண்டிக்கொண்டிருக்கிறது. நம் காது அதை வெறும் உகரம் என்று எழுதிக்கொண்டது.

அமெரிக்கர்கள் இதற்கு நேர் எதிர். ட, த, ந வரிசைக்குப் பின்னால் அழுத்தமான அசையில் வரும் யகரத்தை அவர்கள்தான் தூக்கி எறிவார்கள். நியூஸ் அவர்களுக்கு ‘நூஸ்’, டியூட்டி ‘டூட்டி’, டியூப் ‘டூப்’. ஆனால் ஆனுவலில் அழுத்தமில்லாத யகரத்தை விடாமல் ‘ஆன்யுவல்’ என்பார்கள், கன்டின்யூ என்பார்கள். நாம் வைத்ததை அவர்கள் விட்டார்கள், நாம் விட்டதை அவர்கள் வைத்தார்கள். ‘ஃபிகர்’ விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்கள் நம் கட்சி, யகரம் கிடையாது. அமெரிக்கர்கள் ‘ஃபிக்யர்’ என்று ஒன்றை நுழைத்துக்கொள்வார்கள். நம் கல்லூரிப் பையன்கள் எந்தக் கட்சியில் இருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள் என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது.

டகரத்தோடும் தகரத்தோடும் அழுத்தமில்லாத யகரம் மோதினால் இரண்டும் கரைந்து சகரமாகவோ ஜகரமாகவோ ஆகிவிடும். எஜுகேஷன், சிச்சுவேஷன், நேச்சர், பிக்சர் எல்லாம் அந்த விபத்தில் பிறந்தவை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘நேஷன்’ மாதிரிச் சொற்களின் வாலைச் ‘சி-அன்’ என்று இரண்டு அசையாக நீட்டிச் சொல்லவும் இடமிருந்தது. பிறகு யகரம் கரைந்தது, உயிர் ஷ்வாவானது, மிஞ்சியது ‘ஷன்’. அப்பாவின் மருந்தறை முழுக்க இந்தச் சரக்குதான் என்று பிற்பாடு புரிந்தது. டிஞ்சர், மிக்சர், பிராக்சர், டெம்ப்ரச்சர். அத்தனை புட்டியிலும் ஒரு கரைந்துபோன யகரமும் ஒரு ஷ்வாவும். நடுவில் ஒரு ‘ரே’யைச் சேர்த்து அதைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான்.

வேண்டாத இடத்தில் யகரம் சேர்ப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. எது என்பதை ‘யெது’ என்போம், அதே வேகத்தில் யெம்.யெல்.ஏ., யெல்.ஐ.சி. ‘ஒன்லி’ கேட்டால் ‘வொன்லி’. ஆனால் வருஷத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்றால் ‘இயர்’ என்று காதைக் காட்டுவோம். அங்கே தேவைப்படும் யகரத்தைக் கொடுக்க மனசு வராது. மிஸ் இதற்காகத் தலையில் அடித்துக்கொண்டது ஒரு தனிப் பதிவுக்கு ஆகும்.

நம்மை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அணு சம்பந்தப்பட்ட ‘நியூக்ளியர்’ என்ற சொல்லை அமெரிக்க ஜனாதிபதிகளே ‘நூக்யலர்’ என்று புரட்டியிருக்கிறார்கள். ஐசனோவர் அப்படிச் சொன்னவர், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அப்படிச் சொல்லியே கேலிக்கு ஆளானவர். உலகத்தையே அழிக்கக்கூடிய ஆயுதத்தின் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அதன் பெயர் வாயில் நுழையவில்லை என்று பத்திரிகைகள் சிரித்தன. எனக்கு அவர்கள்மேல் அனுதாபம்தான். ‘க்ளியர்’ என்று அழுத்தமில்லாத வாலோடு முடியும் சொற்கள் ஆங்கிலத்தில் அரிது. ‘க்யலர்’ என்று முடிபவை ஏகப்பட்டவை: பர்ட்டிக்யலர், மலெக்யலர், சர்க்யலர். வாய் பழகிய தடத்தில்தான் வண்டி ஓடும். லகரமும் யகரமும் இடம் மாறிக்கொண்டன. ஃபிப்ரவரிக்கும் இதே கதி. முதல் ரகரத்தை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஜான்யுவரியைப் பார்த்து ஒரு யகரத்தை இரவல் வாங்கி, ‘ஃபெப்யுவரி’ என்று சொல்லும் அமெரிக்கர் ஏராளம். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் மதுரையை மருதை என்பார்கள். குதிரையைக் குருதை என்பார்கள். யாரும் அவர்களைத் தொலைக்காட்சியில் வைத்துக் கிண்டல் செய்ததில்லை.

நம் பெயர்கள் அவர்கள் வாயில் படும் பாடும் இதே சட்டப்படிதான். கமலா என்றால் நமக்கு மூன்று எழுத்தும் கிட்டத்தட்டச் சமம். ஆங்கிலத்தில் யாராவது ஒருவர் ராஜாவாக வேண்டும், மற்றவர் குனிய வேண்டும். கமலா ஹாரிஸ் 2019இல் வந்த தன் நினைவுநூலில், காற்புள்ளிக்கான ஆங்கிலச் சொல்லாகிய ‘காமா’வைச் சொல்லி அதனோடு ‘லா’ சேர்க்கச் சொல்லி விளக்கியிருந்தார். காம-லா. முதல் அசை ராஜா, நடு மகரத்தில் ஷ்வா. அவரைப் பிடிக்காதவர்கள் பலர் அழுத்தத்தை நடுவில் போட்டு ‘க-மா-லா’ என்றே சொன்னார்கள். அப்போது குனிய வைக்கப்படுவது முதல் எழுத்து. மெட்ராஸுக்கும் இரண்டு ஆங்கிலம் உண்டு. ஊரைச் சொல்லும்போது அழுத்தம் பின்னால், ‘மட்-ராஸ்’. கட்டம் போட்ட அந்தத் துணியைச் சொல்லும்போது முன்னால், ‘மேட்ரஸ்’. ஊர் சுருங்கித் துணியாகிவிட்ட மாதிரி.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளையிலிருந்து ‘பலீஸ்’, ‘காலிஜ்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஆட்டோக்காரரிடம் ‘பலீஸ் ஸ்டேஷன்’ என்றால் அவர் உங்களை இறக்கிவிட்டுப் போய்விடுவார். நம்மூரில் நம்மூர் ஆங்கிலம்தான் செல்லும், செல்லட்டும். எனக்கு ஷ்வா கைகொடுத்தது பேசுவதைவிடக் கேட்பதில். படம் பார்க்கும்போது ஏன் வசனம் புரியவில்லை என்றால், நாம் காத்திருக்கும் எழுத்துகள் வருவதே இல்லை. ‘பிகாஸ்’ வரும் என்று காத்திருப்போம், ‘கஸ்’ என்று ஒரு பெருமூச்சு போகும். ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ என்று காத்திருப்போம், ‘ஃபிஷ்ன்சிப்ஸ்’ என்று தட்டோடு போய்விடும். நியூசிலாந்துக்காரராக இருந்தால் அந்த இகரங்களும் ஷ்வா மாதிரி மழுங்கி ‘ஃபஷ்ன்சப்ஸ்’. பக்கத்து ஆஸ்திரேலியர்களுக்கு அதில் தீராத கேலி. விழுங்கப்படும் இடம் எது என்று தெரிந்தபின் என் காது காத்திருப்பதை நிறுத்தியது. சப்டைட்டிலும் அத்தோடு நின்றது. அக்கா பையன் ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறான் என்று போன மாசம் வந்தபோது, நான் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ‘கேன்’னும் ‘க்ன்’னும்தான். மாமா ஏதோ விக்கலை நடத்துகிறார் என்று பார்த்தான்.

அந்தப் பாட்டியம்மாவுக்குக் கட்டணம் திரும்பக் கிடைத்தது. மேலதிகாரி ஒரே வரியில் முடித்தார், எந்த எழுத்தையும் அழுத்தாமல்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. டாக்டர் காலமாகி மருந்தறையும் போய்விட்டது. எங்களோடு சென்னையில்தான் இருக்கிறார். போன வாரம் என் மகளுக்குக் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரை நம்பாமல், தன் பழைய கண்ணாடிக் குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்து நாலு உதறு உதறி அவளுக்கு வைத்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“டெம்ப்ரச்சர் நூத்தி ஒண்ணு.”

கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு படிப்பவள். போர்வைக்குள்ளிருந்து காய்ச்சல் குரலில் சொன்னாள்: “தாத்தா, டெம்-ப-ரே-ச்சர்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“என்னமோம்மா, டாக்டரு அப்பிடித்தான் சொல்லுவாரு” என்றபடி குழாயைத் துடைத்து உறையில் போட்டார்.